‘சொப் சொப்’ என்னும் விரைசொல்

சென்ற மாதத்தில் ஒரு சனிக்கிழமை. மழை விட்டும் தூவானம் விடாத மாலைவேளை. திம்புள்ளப் பள்ளத்தாக்கிலுள்ள என் வீட்டு முன்னறையில் உயர்தர வகுப்பு மாணவர் எழுவர் சொல்லிலக்கணம் படித்துக்கொண்டிருந்தனர். தொல்காப்பிய எச்சவியலில் எதையோ நான் விரித்துரைத்துக்கொண்டிருக்கையில், சுவரோரத்தில் இருந்த மாணவி ஒருத்தி பாடத்தோடு சற்றும் தொடர்பில்லாத வினாவொன்றை எழுப்பினாள். தொடர்பில்லாதது என்று அப்பொழுது எண்ணினேன்.

“சேர், சொப்புன்னா வெட்டுறதுதானே?”

“ஆம், ஆங்கிலத்தில் அப்படியொரு பொருள் உண்டு. எதற்குக் கேட்கிறாய்?”

“எங்க தோட்டத்துக்குப் புதுசா ஒரு சின்னத்துரை வந்திருக்காரு சேர். கொழுந்தெடுக்கிறவங்களப் பார்த்து ‘சொப் சொப், சொப் சொப்’புன்னு சொல்லிக்கிட்டே நிக்கிறாராம். பேர வெட்டிருவேன்னுதான் சொல்றாருன்னு அம்மா பயந்துபோய் இருக்காங்க.”

மலையகத்தில் வாழாத வாசகர்க்காக ஒன்று சொல்லவேண்டும். தோட்டத்தில் ‘பேர்’ என்பது வெறும் பெயரன்று. ஒருநாள் உழைப்பும் அதற்குரிய கூலியும் சேர்ந்ததே ஒரு பேர். எடுத்த கொழுந்தின் நிறை குறித்த அளவுக்குக் குறைந்தால் ‘அரைப்பேர்’ விழும். பேரே விழாவிட்டால், காலை முதல் மாலை வரை மலையில் நின்றவர் அன்று மலைக்கே வரவில்லை என்பது கணக்கு. ஆகவே பேரை வெட்டுவதென்பது அங்கே சிறிய பேச்சன்று.

மாணவர் சிலர் சிரித்தனர். உண்மையைச் சொன்னால் நானுந்தான் சிரித்தேன். “அஃது அச்சுறுத்தலன்று. ‘விரைவாக, விரைவாக’ என்பதே பொருள். அம்மாவிடம் சொல்” என்று கூறிவிட்டுப் பாடத்துக்குத் திரும்பினேன். அவள் தலையசைத்தாள். ஆயினும் அந்தத் தலையசைப்பில் தெளிவு இருந்ததாகத் தெரியவில்லை. வெட்டுதலைக் குறிக்கும் சொல் விரைதலை எவ்வாறு குறித்தது என்று அவள் கேட்டிருந்தால் எனக்கு விடை தெரிந்திராது. அவள் கேட்காமையால் நான் தப்பினேன். தப்பித்தல் ஆசிரியனுக்கு அழகன்று. அன்றிரவே அகராதிகளை எடுத்து வைத்துக்கொண்டு அமர்ந்தேன்.

தேடியதில் கண்ட முதற்செய்தி, இந்தச் ‘சொப்’ ஆங்கிலச் சொல்லே அன்று என்பது. வெட்டுதலைக் குறிக்கும் சொல் வேறு, இது வேறு. ஒலியால் ஒன்றாகிப் பொருளால் வேறாகிய இரண்டு சொற்கள் அவை. தமிழில் ‘மா’ என்னும் ஓரெழுத்து விலங்கையும் மரத்தையும் குறிக்கின்றது என்பதற்காக, குதிரையிலே பழம் பழுக்கும் என்று எவரும் சொல்வதில்லை அன்றோ? ஆங்கிலேயர் கீழ்த்திசையில் பொறுக்கிச் சேர்த்த சொற்களையெல்லாம் தொகுத்து 1886இல் வெளிவந்த ‘ஹொப்சன் ஜொப்சன்’ என்னும் பேரகராதி, சீனத்தின் காண்டன் நகரத்துப் பேச்சில் விரைவைக் குறிக்கும் ‘கப் கப்’ என்பதே ஆங்கில மாலுமிகள் வாயில் ‘சொப் சொப்’ என்று திரிந்தது எனக் கூறுகின்றது. அவ்வகராதியை ஆக்கிய இருவருள் ஒருவராகிய பர்னெல், தஞ்சையில் நீதிபதியாய் இருந்து சரசுவதி மகால் வடமொழிச் சுவடிகளுக்கு அட்டவணை அமைத்தவர். தம் அகராதி அச்சேறியதைக் காண அவர் இருக்கவில்லை. 1882இலேயே மறைந்துவிட்டார்.

ஆங்கிலேயனுக்குக் காண்டன் நகரத்தில் என்ன வேலை? இவ்விடத்தில்தான் என் உறக்கம் கலைந்தது. அவன் அங்கே சென்றது தேயிலை வாங்குவதற்கு!

1757 தொடக்கம் 1842 வரை மேல்நாட்டுக் கப்பல்கள் வணிகம் செய்வதற்குச் சீனப் பேரரசு திறந்து வைத்திருந்த துறைமுகம் காண்டன் ஒன்றே. பிறநாட்டார்க்குச் சீனமொழி கற்பித்தல் அக்காலத்தில் தண்டனைக்குரிய குற்றம். வாங்குவோன் மொழி விற்போனுக்குத் தெரியாது. விற்போன் மொழியை வாங்குவோன் கற்கலாகாது. இரண்டுக்கும் இடையே ஆங்கிலச் சொற்களைச் சீன வாக்கிய முறையில் கோத்த ஒரு சந்தைப் பேச்சு உருவாயிற்று. நன்னூலார் தகுதி வழக்கில் குழூஉக்குறி என்று ஒன்று வைத்தாரே, பொற்கொல்லர் தமக்குள் பொன்னைப் ‘பறி’ என்பது போல, ஏறத்தாழ அவ்வகையைச் சேர்ந்தது அது. பருவக்காற்றுத் திரும்புமுன் பெட்டிகள் கப்பலேற வேண்டும். கணக்கு முடிய வேண்டும், பாய் விரிக்க வேண்டும். எனவே அப்பேச்சில் விரைவுச் சொல்லொன்று இல்லாமல் முடியாது. 1830களில் காண்டனில் அச்சான ஆங்கில இதழ்களிலேயே ‘சொப் சொப்’ இடம்பெற்றுவிட்டது.

அக்காலத்துத் தேயிலை விரைவைப் பற்றி ஒரு கதையுண்டு. 1866ஆம் ஆண்டு மே மாத இறுதியில் சீனத்துப் பூச்சௌத் துறையிலிருந்து புதுத்தேயிலை ஏற்றிய பாய்க்கப்பல்கள் இலண்டனை நோக்கி ஒன்றையொன்று துரத்திக்கொண்டு புறப்பட்டன. முதலில் இலண்டன் சேரும் தேயிலைக்குத் தனி ஊக்கப்பணம் உண்டு. உலகைப் பாதி சுற்றித் தொண்ணூற்றொன்பது நாள் ஓடி, ‘தேப்பிங்’, ‘ஏரியல்’ என்னும் இரு கப்பல்கள் செப்டெம்பர் 6ஆந் திகதி ஒரே வேலியேற்றத்தில் துறைபுகுந்தன. இரண்டுக்கும் இடையே இருந்த நேரம் இருபத்தெட்டு நிமிடம். இலண்டன் மாநகரமே பந்தயம் கட்டி வேடிக்கை பார்த்தது. ஏரியல் முதலில் கரையைக் கண்டும், நீர்மட்டம் போதாமையால் துறைவாயிலிற் காத்து நின்று, பின்வந்ததற்கு முதலிடத்தை விட்டுக்கொடுக்க நேர்ந்ததாம். முடிவில் ஊக்கப்பணத்தை இரு கப்பலாரும் பகிர்ந்துகொண்டனர்.

அதற்கு அடுத்த ஆண்டு, 1867இல், கண்டிக்குத் தெற்கே லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை நட்டார். 1869இல் சுயெஸ் கால்வாய் திறந்தது. பாய்க்கப்பல் பந்தயத்துக்கு அதுவே முடிவாயிற்று. அதே ஆண்டில் இலங்கைக் கோப்பிச் செடியிற் செந்துரு நோய் தோன்றியது. திம்புள்ள மலைகளும் கோப்பியை இழந்து தேயிலைக்கு மாறின. 1885இல் நானுஓயா வரை புகையிரதப் பாதை வந்தது. பெட்டிகள் மலையிறங்கிக் கொழும்புக்குப் போயின.

சீனத்திலிருந்து செடி புறப்பட்டு வெகுகாலத்துக்கு முன்பே இம்மலைக்கு வந்துவிட்டது. அச்செடியின் சந்தையிலே பிறந்த விரைவுச் சொல் மட்டும் உலகெல்லாம் சுற்றித் திரிந்துவிட்டு, ஒன்றரை நூற்றாண்டு கழிந்து, ஓர் இளைஞன் வாயேறி அதே செடியின் அருகே வந்து நின்றிருக்கின்றது. சின்னத்துரைக்கு இந்த வரலாறு தெரிந்திருக்க நியாயமில்லை. கொழுந்தெடுப்பவர்க்கும் தெரியாது. இருவருக்கும் இடையே நிற்கும் செடிக்குத் தெரிந்திருக்கலாம்.

‘சொப்’ பற்றி இன்னும் இரண்டு செய்திகள் உண்டு. காண்டன் தேயிலைச் சந்தையில் வேறொரு ‘சொப்’பும் வழங்கியது. ஒரே முத்திரை பொறித்த தேயிலைப் பெட்டிகளின் தொகுதி ஒரு ‘சொப்’. இது சீனமுமன்று. முத்திரையைக் குறிக்கும் ‘சாப்’ என்னும் இந்துத்தானிச் சொல்லே கடல்வழிப் போனது. நம்மவரும் அதனைச் ‘சாப்பா’ என்று எடுத்துக்கொண்டனர். சாப்பா குத்துதல் என்பது தமிழ்நாட்டிலும் வழங்குவதே. ஆக வெட்டும் சொப் ஒன்று, முத்திரையிடும் சொப் ஒன்று, விரட்டும் சொப் ஒன்று. மூன்றும் மூன்று குலத்தன. தேயிலைப் பெட்டியருகே மூன்றும் சந்தித்தன.

மற்றது, சீனர் உணவு உண்ணும் குச்சிகளைப் பற்றியது. அவற்றை ஆங்கிலேயர் ‘சொப்ஸ்டிக்’ என்பதும் இந்த விரைவுச் சொப்பினாலே என்பர். அதற்கும் பின்னாலே அழகியதொரு வழக்குண்டு. குச்சிக்குச் சீனத்தில் இருந்த பழைய பெயர், ‘நின்றுபோ’ என்னும் பொருளுடைய சொல்லோடு ஒலியால் ஒத்திருந்தது. படகோட்டிகளுக்கு அது பொறுக்குமா? படகு நின்றுவிட்டால் பிழைப்பு என்னாவது? எனவே அப்பெயரை நீக்கி, விரைவைக் குறிக்கும் சொல்லால் அதனை அழைக்கலாயினர். சுடுகாட்டை நன்காடு என்றும் இறந்தாரைத் துஞ்சினார் என்றும் சொல்லும் நம் மங்கல வழக்கோடு இதனை ஒப்புநோக்கி மகிழ்ந்தேன். ‘போகிறேன்’ என்னாது ‘போய் வருகிறேன்’ என்னும் நம் வீட்டுப் பெண்களுக்கு அப்படகோட்டிகளின் மனம் விளங்கும்.

ஆங்கிலத்துக்கே உரிய விரைவுச் சொற்களும் ஆராயத்தக்கன. ‘ஹேஸ்ற்’ என்பதன் மூலம் பழைய ஜெர்மானிய மொழிகளில் வன்செயலையும் சினத்தையும் குறித்தது. ‘ஸ்பீட்’ என்பது முற்காலத்தில் வெற்றியையும் நற்பேற்றையும் குறித்தது. ‘குயிக்’ என்பது உயிருள்ளது என்னும் பொருட்டு. பாதரசத்தை அவர்கள் உயிருள்ள வெள்ளி என்று பெயரிட்டு அழைப்பது அதனாலேயே. இவையெல்லாம் ஒருபுறம் நிற்க, ‘ஃபாஸ்ட்’ என்னும் சொல்லே என்னை மிகவும் வியப்பில் ஆழ்த்திற்று. அதன் முதற்பொருள் உறுதி. படகை இறுகக் கட்டுதலையும் அச்சொல்லால் குறிப்பர். உறுதியிலிருந்து உணவின்றி உறுதியாய் இருத்தலாகிய நோன்புக்கு அச்சொல் போயிற்று. உறுதியாய் ஓடுதலிலிருந்து விரைவுக்கும் போயிற்று. அசையாது நிற்றலும் அசைந்து விரைதலும் ஒரு சொல்லிற் குடியிருக்கின்றன!

இதனை ஆங்கிலத்தின் விந்தை என்று மாணவர்க்குச் சொல்ல எண்ணினேன். எண்ணிய மாத்திரத்தில் உரியியல் நினைவுக்கு வந்தது. ‘கடி’ என்னும் உரிச்சொல்லுக்குத் தொல்காப்பியனார் பத்துப் பொருள் கூறுகின்றார். அவற்றுள் காவலும் ஒன்று, விரைவும் ஒன்று. கடிநகர் என்றால் காவலமைந்த நகர். கடிது சென்றான் என்றால் விரைந்து சென்றான். காப்பதும் பறப்பதும் ஒரே சொல்லில்! ‘வல்’ என்பது வலிமை. சங்கச் செய்யுளில் ‘வல்லே’ என்றால் விரைவாக. நோன்மை என்பதும் வலிமையே, பொறுத்தலே. அதிலிருந்து நோன்பு பிறந்தது. ஆங்கிலம் சென்ற வழியெல்லாம் தமிழும் தன் போக்கில் தனியே சென்றிருக்கின்றது. ஒன்றிடமிருந்து மற்றொன்று கடன் வாங்கியதென்று எவரும் நூல் எழுதப் புறப்படாதிருப்பாராக. மனித மனம் இரண்டு இடத்தும் ஒருவாறே நடந்தது என்பதே எனக்குப் போதும்.

அந்தக் ‘கடு’வும் கதியும் சேர்ந்த ‘கடுகதி’ நம் புகையிரத நிலையப் பலகைகளில் இன்றும் இருக்கின்றது. தமிழ்நாட்டார் விரைவு வண்டி என்பதனை நாம் கடுகதி என்கிறோம். நல்ல சொல். ஆயின் கொழும்புக் கோட்டையிலிருந்து பதுளைக்கு ஏறத்தாழப் பத்து மணிநேரம் ஓடும் ‘உடரட்ட மெனிக்கே’ கொட்டகலைக்கும் தலவாக்கலைக்கும் இடையே வளைந்து வளைந்து செல்லுங்கால், சன்னலோரத்தில் இருப்போர்க்குக் கடுவும் தெரிவதில்லை, கதியும் தெரிவதில்லை. அருவி தெரிகின்றது. குறை சொல்ல மனம் வரவில்லை.

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய குற்றத்துக்கு வருகிறேன். குற்றம் என்னுடையது. சில ஆண்டுகளுக்கு முன் ஒன்பதாம் வகுப்புக் கட்டுரைப் பயிற்சியொன்றில் ஒரு பிள்ளை, ‘அம்மா வெரசா மலைக்குப் போனார்’ என்று எழுதியிருந்தது. நான் ‘வெரசா’ என்பதைச் சிவப்பு மையால் வெட்டி, ‘சீக்கிரமாக’ என்று மேலே எழுதினேன். பக்கத்தில் ‘கொச்சை’ என்றும் குறித்தேன். பண்டிதர் பரீட்சைக்குப் படித்தவன், கீழைத்தேயக் கல்லூரியில் இலக்கணம் கேட்டவன் செய்த திருத்தம் இது! சீக்கிரம் என்பது வடமொழிச் சீக்ரத்தின் தற்பவம். வெரசா என்பதோ விரைவின் பேரப்பிள்ளை. வீட்டுப் பிள்ளையை வெளியே தள்ளி விருந்தாளியைப் பாயில் இருத்தினேன். விருந்தாளியின்மேல் எனக்குப் பகையில்லை. அவர் வந்து ஆயிரமாண்டுக்கு மேலாயிற்று, இருக்கட்டும். பிள்ளையை ஏன் தள்ளினேன்?

விடை எனக்குத் தெரியும். அச்சொல் லயத்திலிருந்து வந்தது. அதுவே அதன் குற்றம். யாழ்ப்பாணத்தார் ‘கெதியாய் வா’ என்றால் அது வட்டார வழக்கு என்று புன்முறுவலோடு ஏற்கிறோம். அதுவும் கதி என்னும் வடசொல்லின் திரிபே. மலையகத்தார் ‘சுருக்கா வா’ என்றால் கொச்சையென்று வெட்டுகிறோம். ‘சுருக்கா’ என்பது சுருக்குதலிலிருந்து வந்ததாயின், ஆங்கிலத்தார் குறுமையைக் குறிக்கும் சொல்லால் ‘விரைவில்’ என்னும் பொருளை உணர்த்துவதோடு ஒக்கும். ‘சுறுக்கு’ என்று வல்லின றகரமிட்டு எழுதி, சுறுசுறுப்போடு அதனை உறவாக்குவாரும் உளர். எனக்கு இரண்டாவதே பொருத்தமாகப் படுகின்றது. ‘வெள்ளென வா’ என்பதில் வெண்மை இருக்கின்றது, விடியலின் வெண்மை. பெரட்டுக்குத் தப்படிக்கும் ஒலி கேட்டு எழுந்த ஒரு சமுதாயத்தின் வாயில் அச்சொல் இத்தனை காலம் பிழைத்திருந்ததில் வியப்பென்ன?

‘அவசரம்’ என்பதையும் சொல்லாமல் விடமுடியவில்லை. வடமொழியில் அது வாய்ப்பு, தக்க சமயம். மலையாளத்தார் அப்பொருளிலேயே வழங்குகின்றனர். தெலுங்கர்க்கு அது தேவை. தமிழர்க்குப் பதற்றம். நம் அயலிலுள்ள சிங்கள மக்களுக்கோ ‘அவசர’ என்றால் அனுமதி. தோட்டத்து அலுவலகத்தின் முன் ஒரு தமிழ்த்தாய் ‘அவசரம்’ என்று நிற்க, உள்ளிருக்கும் சிங்கள எழுத்தர் அனுமதி கேட்கிறார் என்று கருதினால் அதுவும் பிழையன்று. பெரும்பாலும் அவர் இரண்டையுமே கேட்டு நிற்பார்.

சொற்பிறப்பு எதுவாயினும் ஆகுக. ஏவுவோன் யார், ஏவப்படுவோன் யார் என்பதன்றோ கேள்வி? ஏ. எம். பெர்குசன், புதிதாக வந்த வெள்ளைக்காரச் சின்னத்துரைமார்க்காகக் கையடக்கத் தமிழ் வழிகாட்டியொன்று தொகுத்தார். அதன் பெயர் ‘இங்கே வா’. 1915இல் வெல்ஸ் என்பார் ‘கூலித் தமிழ்’ என்றே பெயரிட்டு ஒரு நூல் செய்தார். இலக்கணக்காரன் கண்ணுக்கு அந்த ‘இங்கே வா’ என்னும் தலைப்பிலேயே எல்லாம் தெரிந்துவிடுகின்றது. முன்னிலை, ஒருமை, ஏவல். பன்மையில்லை, ‘உம்’ இல்லை, ‘கள்’ இல்லை. ஒரு மொழியின் வாயிலில் நுழைகிறவன் முதலில் ஏவல் வினையைக் கற்றுக்கொண்டு நுழைந்தால், அவன் அம்மொழியில் வேறெந்த அறையையும் காணமாட்டான். அதே தோட்டங்களிலேதான் மடக்கும்புரயிற் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை கேட்டுத் திரட்டிய பாடல்களெல்லாம் இருந்தன. துரைமார் காதுக்கு அவை எட்டவில்லை.

அக்காலத்துத் துரை ஏவுவதற்காகவேனும் தமிழ் கற்றான். இக்காலத்து இளைஞர் அந்தத் தொல்லையும் வேண்டாமென்று காண்டன் சந்தைச் சொல்லால் ஏவுகின்றார். முன்னேற்றம் என்று இதனைச் சொல்வதா என்று எனக்குத் தெரியவில்லை.

என் நண்பர், ஆங்கில ஆசிரியர், இதனை ஒப்பவில்லை. “இலண்டனில் தாய்மார் பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பும்போது சொல்வதும் இதே சொல்தான். அதில் இழிவேதும் இல்லை. நீர் மயிரைப் பிளக்கிறீர்” என்றார். முதற்பாதியை ஏற்றுக்கொள்கிறேன். தாய் மகனை ‘வாடா’ என்பதற்கும் வழியிற்போகும் அதிகாரி அவனை ‘வாடா’ என்பதற்கும் எழுத்தில் வேறுபாடில்லை. ஐம்பது வயதுப் பெண்ணைப் பார்த்து இருபத்தைந்து வயது இளைஞன் சொல்லும்போது அது பாடசாலைக்குப் போகும் பிள்ளையிடம் தாய் சொன்ன சொல்லன்று. அதிலும் அந்தப் பெண் அச்சொல்லைப் பேர்வெட்டு என்று விளங்கிக்கொண்டாளே, அதற்கு அவளுடைய அறியாமையா காரணம்? 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆயிற்று. அதன்பின் எடுக்கவேண்டிய கொழுந்தின் நிறை பல தோட்டங்களிற் கூட்டப்பட்டது. நிறை கூடிய இடத்தில் அரைப்பேரும் கூடியது. அச்சமயத்தில் விளங்காத சொல்லொன்று காதில் விழுந்தால், அவள் தன் பட்டறிவு என்னும் அகராதியைப் புரட்டித்தான் பொருள் காண்பாள். அவள் கண்ட பொருள் சொற்பிறப்பியலிற் பிழை. வேறு எதிலும் பிழையென்று சொல்ல என் நா எழவில்லை.

தொல்காப்பியம் விரைவைப் பற்றிக் கூறும் இடமொன்று வினையியலில் உண்டு. எதிர்காலத்தில் நடக்க இருப்பதையும் இப்பொழுது நடப்பதையும் விரைவு காரணமாக இறந்தகாலத்தாற் சொல்லலாம் என்பது அதன் கருத்து. இதற்கு உரைகாரர் காட்டும் காட்சி இனிமையானது. ஒருவன் உண்ண இருக்கிறான். அவனோடு கூடிப் போகவேண்டிய மற்றொருவன் வாயிலில் நின்று, இன்னும் உண்ணவில்லையோ என்கிறான். உள்ளிருப்பவன், உண்டேன், வந்தேன் என்கிறான். உண்டதுமில்லை, வந்ததுமில்லை. ஆயினும் பொய்யன்று. காத்திருப்பவன்மேல் வைத்த அன்பு அவன் வினைமுற்றைக் காலங்கடந்து ஓடச் செய்தது. இலக்கணம் இதனை வழு என்று தள்ளாது வழுவமைதி என்று தழுவிக்கொண்டது.

மலையிலே மேல்நிரையிலிருந்து கங்காணி கூப்பிட்டால், கீழ்நிரையில் இடுப்பிற் படங்கும் முதுகிற் கூடையுமாய் வழுக்குப் பாறையில் நிற்கும் பெண் “இந்தா வந்துட்டேன்” என்கிறாள். அவள் மேலேறிச் சேர ஐந்து நிமிடமாகும். தொல்காப்பியர் விதியைப் பிழையின்றிக் கையாளும் அவளை அக்கணத்தில் எந்தப் பண்டிதனும் வெல்லமுடியாது. வகுப்பில் இவ்விதிக்கு எடுத்துக்காட்டு வேண்டுவோர் உரைநூலில் தேடி மெலிய வேண்டா. மாணவரின் வீட்டிலேயே இருக்கின்றது. ஆசிரிய நண்பர்களுக்கு நான் விடுக்கும் வேண்டுகோள் இவ்வளவே: வெரசாவையும் சுருக்காவையும் வெள்ளெனவையும் வெட்டாதீர்கள். எழுத்து நடையில் விரைவாக என்று எழுதக் கற்றுக்கொடுங்கள், அது நம் கடமை. கற்றுக்கொடுக்கும்போது இரண்டும் ஒரே குடும்பம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சிவப்பு மை வேண்டிய இடம் வேறு எத்தனையோ இருக்கின்றது.

விரைவைப் பற்றிப் பேசுகையில் தேயிலையின் இயல்பையும் நினைக்க வேண்டியிருக்கிறது. திம்புள்ளத் தேயிலைக்கு உயர்ந்த விலை கிடைப்பது சனவரி முதல் மார்ச் வரை. அப்பொழுது பகலில் வறண்ட காற்று, இரவில் கடுங்குளிர். கொழுந்து மெல்ல மெல்லத்தான் அரும்பும். அந்த மெதுவாலேயே மணம் ஏறுகின்றது. எடுத்த கொழுந்தோ தொழிற்சாலையிற் பரப்பப்பட்டுப் பன்னிரண்டு, பதினெட்டு மணிநேரம் வாடவேண்டும். உருட்டியபின் புளிப்பதற்கும் அதற்குரிய நேரம் வேண்டும். அவ்விடத்தில் டீமேக்கர் கையைக் கட்டிக்கொண்டு மோந்து பார்த்தபடி நிற்கிறார். இலையைப் பார்த்து எவரும் ‘சொப் சொப்’ என்று சொல்வதில்லை. மரத்துக்கும் மடுவத்துக்கும் இடையிலே மட்டுமே அச்சொல்லுக்கு வேலை.

அடுத்த சனிக்கிழமை மாணவர் வந்தனர். சென்ற வாரம் நிறுத்திய எச்சவியலைத் திறந்தேன். எந்த இடத்தில் நிறுத்தியிருந்தேன் என்று பார்த்தபோது எனக்கே நகைப்பு வந்தது. ஒரு சொல்லை அடுக்கிச் சொல்வதற்கு வரம்பு கூறும் இடம் அது. இசைநிறைக்கு அடுக்கினால் நான்கு வரை. விரைவுக்கு அடுக்கினால் மூன்றே, அதற்கு மேற் போகலாகாது. இத்தனையும் தேடி அலைந்த சொல் விரித்து வைத்த ஏட்டிலேயே காத்திருந்தது.

விதியைச் சொன்னேன். ‘சொப் சொப்’பின் வரலாற்றையும், அது வெட்டு அன்று என்பதையும், தேயிலையோடு சீனத்திற் பிறந்தது என்பதையும் எல்லாம் சொன்னேன். அம்மாவிடம் தவறாது கூறும்படி அந்த மாணவியைக் கேட்டுக்கொண்டேன். இம்முறை அவள் தலையசைப்பில் தெளிவு இருந்தது.

அதற்கு அடுத்த வாரம் வகுப்புத் தொடங்குமுன் அவளே வந்து நின்றாள்.

“சொன்னேன் சேர். அம்மா எண்ணிப் பார்த்தாங்களாம். ஆறு தரம்.”